காலை ஏழு மணிக்கு பேஸ்பால்: சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே ரசிப்பது எப்படி

மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு விளையாட்டு பார்ப்பவர்கள் தூக்கத்தை அடகு வைத்துத்தான் பார்க்கிறார்கள். இங்கிலாந்துக் காற்பந்து நள்ளிரவில் வரும். ஐபிஎல் இரவு பத்து மணிக்குத் தொடங்கும். சாம்பியன்ஸ் லீக் என்றால் விடியற்காலை மூன்று, நாலு மணி. பேஸ்பால் மட்டும் பசியாறுகிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கிறது. ஆட்டக் காலம் முழுவதும் நியூயார்க்குக்கும் நமக்கும் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அங்கே இரவு 7.05க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே காலை 7.05க்கு. கூட்டிக் கழிக்க ஒன்றுமில்லை. லாஸ் ஏஞ்சலிஸ், சியாட்டில் பக்கத்து ஆட்டங்கள் நமக்குக் காலை பத்து மணி வாக்கில். ஜப்பானில் மாலை ஆறு மணி ஆட்டம் நமக்கு ஐந்து மணிக்கு. தைவானுக்கும் நமக்கும் ஒரே கடிகாரம்.

தேதியில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே திங்கள் இரவு என்றால் நமக்குச் செவ்வாய்க் காலை. அங்கே ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் பகல் ஆட்டம்தான், அது நமக்கு நடுச்சாமத்தில் வரும். அதை விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் உச்சப் போட்டியான மேஜர் லீகில் ஓர் அணி மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டம் ஆடுகிறது. ஒன்றை விட்டால் மறுநாளே இன்னொன்று இருக்கும். காற்பந்துக்காரர்களைப் போல ஓர் ஆட்டம் தவறிவிட்டதே என்று மனம் உடையத் தேவையில்லை.

நான் இங்கே ஒரு செம்பனை ஆலையில் எடைமேடையில் வேலை செய்கிறேன். குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுத்து, எழுதி, அனுப்புகிற வேலை. பிற்பகல் ஷிப்ட் என்பதால் காலைப் பொழுது என்னுடையது. பள்ளிக்கூடத்தில் சாஃப்ட்பால் அணியில் கேட்சராக, அதாவது பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிப்பவளாக இருந்தவள். அந்தப் பழக்கம்தான் பேஸ்பாலில் கொண்டுபோய் விட்டது. சுங்கை சிப்புட்டில் இதைப் பேச ஆள் கிடைப்பது கஷ்டம். பாசார் மாலாமில் நியூயார்க் யாங்கீஸ் தொப்பி போட்ட பையன்கள் வரிசையாகப் போவார்கள், அது ஒரு பேஸ்பால் அணி என்று சொன்னால் "அப்படியா அக்கா?" என்பார்கள். இது அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பேரை மட்டும் பாருங்கள்

விதிப்புத்தகத்தைத் தேடிப் படிக்காதீர்கள், தலை சுற்றும். முதல் சில ஆட்டங்களில் பந்து எறியும் பிட்சரையும் மட்டையோடு நிற்கும் பேட்டரையும் தவிர வேறு யாரையும் பார்க்கவே வேண்டாம். இரண்டு பேருக்கும் நடுவே 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். மணிக்கு நூறு மைல் வேகப் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை வினாடிகூட ஆகாது. அடிப்பதா விடுவதா என்று பேட்டர் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

கணக்கு சுலபம். மட்டை வீசித் தவறினால் ஸ்ட்ரைக். வீசாமல் விட்ட பந்து, பேட்டருக்குப் பக்கத்தில் தரையில் பதித்த 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட் என்ற தட்டுக்கு மேலே, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் போனாலும் ஸ்ட்ரைக். அந்தக் கட்டத்துக்கு வெளியே போன பந்தை வீசாமல் விட்டால் அதற்குப் பெயர் பால். மூன்று ஸ்ட்ரைக் வந்தால் பேட்டர் அவுட். நாலு பால் வந்தால் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். பேஸ் என்பது ஓடுபவர் மிதித்து நிற்கும் இடம், மூன்று பேஸையும் சுற்றி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஓர் ஓட்டம். மூன்று பேர் அவுட் ஆனால் அணி மாறும், இப்படி ஒன்பது இன்னிங்ஸ்.

ருசியெல்லாம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. திரையின் ஓரத்தில் 3-1 என்று இருந்தால் மூன்று பால், ஒரு ஸ்ட்ரைக். பிட்சர் மாட்டிக்கொண்டார், இன்னொரு பால் போட்டால் ஆளை நடக்க விட வேண்டியதுதான், ஆகவே நேர்ப்பந்து வரும் என்று பேட்டர் காத்திருப்பார். 0-2 என்றால் கதை தலைகீழ். பேட்டர் பயத்தில் இருப்பார், பிட்சர் வெளியே விழுகிற பந்தைக் காட்டி ஆசை காட்டுவார். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் எண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன வரும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தப்பாகப் போனாலும் பரவாயில்லை. ஒரு வாரத்தில் கை வந்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு காட்சி போதும், யூடியூபில் கிடைக்கும். 2023 உலக பேஸ்பால் கிளாசிக் இறுதி ஆட்டம், மயாமியில், நமக்குப் புதன்கிழமைக் காலை. ஜப்பான் 3, அமெரிக்கா 2, கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். எறிபவர் ஷோஹேய் ஒஹ்டானி, அடிப்பவர் மைக் ட்ரவுட். அப்போது இருவரும் அமெரிக்காவில் ஒரே அணிக்காரர்கள், ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடிப் பழக்கமில்லாதவர்கள். ஒஹ்டானி நூறு மைல் வேகத்தில் இரண்டு முறை ட்ரவுட்டை வீசித் தவற வைக்கிறார். நடுநடுவே பந்து வெளியே போய்க் கணக்கு 3-2க்கு வந்துவிடுகிறது. இனி இடமில்லை. மறுபடியும் நூறு மைல் வரும் என்று உடம்பே தயாராக இருக்கிறது. வந்தது 87 மைல் பந்து. பிளேட்டுக்கு நேராக வந்து, பக்கவாட்டில் நழுவி ஓடியது. ட்ரவுட் வீசினார், காற்றுதான். ஒஹ்டானி தொப்பியைக் கழற்றி எறிந்தார். மெதுவான பந்து ஏன் வேலை செய்தது என்று ஒருவருக்கு விளக்கிச் சொல்ல முடிந்தால் நீங்கள் ரசிகர் ஆகிவிட்டீர்கள்.

கேட்சரையும் சேர்த்துப் பார்க்கப் பழகிய பிறகு இன்னொரு கதவு திறக்கும். பந்து எங்கே வரவேண்டும் என்று கையுறையை வைத்துக் காட்டுவது அவர்தான். ஓரத்தில் வந்த பந்தைக் கையுறையோடு மெல்ல உள்ளே இழுத்து நடுவரை நம்ப வைக்கிற வித்தை ஒன்று உண்டு. 2026 முதல் மேஜர் லீகில் நடுவர் சொன்ன ஸ்ட்ரைக், பால் முடிவைத் தலையைத் தட்டி எதிர்க்கலாம், கேமரா தீர்ப்பு சொல்லும். பேட்டர், பிட்சர், கேட்சர் மூவருக்குத்தான் அந்த உரிமை. பயிற்சியாளர் வாயைத் திறக்க முடியாது. எனக்கு இது மிகவும் பிடித்த மாற்றம்.

கிரிக்கெட் தெரிந்தவர்கள் தடுமாறும் இடங்கள்

கிரிக்கெட் பார்த்த கண்ணுக்கு இரண்டு விஷயம் உறுத்தும். ஒன்று, நல்லபடி அடிப்பது இவ்வளவு அபூர்வமா என்பது. பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை அடித்துப் பேஸுக்குப் போனால் அவர் பெரிய ஆட்டக்காரர். மேஜர் லீகின் அமெரிக்கன், நேஷனல் பிரிவுகளில் பத்துக்கு நான்கு என்ற அளவை ஒரு முழுப் பருவத்துக்குத் தாண்டிய கடைசி ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ், 1941இல், .406. அதன் பிறகு அங்கே யாருமில்லை. ஆகவே பேட்டர் தலையைக் குனிந்து திரும்பி வருவதைப் பார்த்து "என்னப்பா, டக் அவுட்டா?" என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று, ஓடுபவரைச் சில சமயம் பந்தோடு தொட வேண்டும், சில சமயம் பேஸை மிதித்தாலே போதும். பின்னால் ஆள் வருவதால் அவர் ஓடியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் பேஸை மிதித்தால் போதும். அவராக ஆசைப்பட்டு ஓடினால் தொட்டாக வேண்டும். இது பிடிபட்டால் ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்கும் டபுள் பிளே புரிந்துவிடும். முதல் பேஸில் ஆள் நிற்கும்போது தரையோடு ஓடும் பந்து வந்தால் உடனே இரண்டாம் பேஸைப் பாருங்கள், பந்தைப் பார்க்காதீர்கள். அங்கே பந்தை வாங்கி, வழுக்கி வரும் ஆளின் காலைத் தாண்டிக் குதித்து, அந்தரத்திலேயே முதல் பேஸுக்கு எறிவார்கள்.

மற்ற விதிகளெல்லாம் தானாக வரும்.

பள்ளித் திடலில் தொடங்குங்கள்

நேரில் பார்க்காமல் எந்த விளையாட்டும் ரத்தத்தில் ஏறாது. நம் ஊரில் பேஸ்பால் திடல் கிடையாது, ஆனால் பள்ளிக்கூடங்களில் சாஃப்ட்பால் இருக்கிறது. பந்து பெரிது, பிட்சர் கையைக் கீழிருந்து காற்றாடி மாதிரி சுழற்றி எறிவார், பேஸ்களுக்கு நடுவே 60 அடி, ஏழு இன்னிங்ஸ். பேஸ்பாலில் பேஸ்களுக்கு நடுவே 90 அடி. மற்றபடி மூளை ஒன்றுதான். கீழிருந்து எறிவதால் மெதுவாக வரும் என்று நினைக்காதீர்கள். பெண்கள் சாஃப்ட்பாலில் பிட்சர் 43 அடியில் நிற்கிறார், யோசிக்க நேரமே இருக்காது.

அக்கா மகளின் பள்ளி ஆட்டம் என்றால் நான் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், கம்பி வலைக்கு மறுபுறம் நின்றுகொள்வேன். வலை இல்லாத திடல் என்றால் மூன்றாம் பேஸ் பக்கம் நன்றாகத் தள்ளி நில்லுங்கள், கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். தவறிப்போன பந்து மண்டைக்கு வரும். பேராக்கில் பிற்பகல் நாலு மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது, குடை வேண்டும். வெயிலுக்கும் அதுவே. தண்ணீர் இரண்டு போத்தல், ஒன்று உங்களுக்கு, மற்றொன்று எப்படியும் ஏதாவது ஒரு பிள்ளை வந்து கேட்கும்.

அங்கே என்ன பார்ப்பது? போன முறை நான் பார்த்த கேட்சர் சின்னப் பெண். தலைக்கவசம் அவளுக்குப் பெரிது. ஒவ்வொரு பந்துக்கும் அது மூக்கு வரை இறங்கும், கையுறையின் பின்பக்கத்தால் மேலே தள்ளிவிட்டுவிட்டு மறுபடி உட்காருவாள். பேட்டர் தரையோடு ஒரு பந்தை உருட்டிவிட்டு முதல் பேஸுக்கு ஓடினாள். எல்லோர் கண்ணும் பந்தின் மேல். இந்தப் பெண் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓடுபவளுக்கு இணையாகக் கோட்டுக்கு வெளியே ஓடினாள். முதல் பேஸுக்கு எறிந்த பந்து தவறிப் பின்னால் போனது. அங்கே அவள் ஏற்கெனவே நின்றிருந்தாள். யாரும் கை தட்டவில்லை, ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான். சிறுவர் ஆட்டத்தில் நிறைய ஓட்டங்கள் தவறி எறிந்த பந்துகளால்தான் வருகின்றன. யார் யாருக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரிய ஆட்டத்தில் கேமரா இதைக் காட்டாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பேட்டருக்கு வெளியிலிருந்து "அடி! அடி!" என்று கத்தாதீர்கள். வெளியே போகிற பந்தை விடுவதுதான் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய கஷ்டமான பாடம், நீங்கள் கத்தினால் கண்டதற்கெல்லாம் வீசும். நடுவரைத் திட்டுவதும் வேண்டாம். பெரும்பாலும் அவர் விடுமுறை நாளில் வெயிலில் நிற்கிற ஓர் ஆசிரியர்.

சிறுவர் ஆட்டத்தின் பெரிய மேடை லிட்டில் லீக். 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கியது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் பக்கத்துச் சவுத் வில்லியம்ஸ்போர்ட்டில் உலகத் தொடர் நடக்கும், 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். ஆறு இன்னிங்ஸ்தான், காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சமையலுக்கும் நடுவே முடிந்துவிடும். வெளித்திடலுக்குப் பின்னால் ஒரு புல்மேடு இருக்கிறது, ஆட்டம் பார்க்க வந்த பிள்ளைகள் அட்டைப் பெட்டியை விரித்து அதில் சறுக்கி விளையாடுவார்கள். எனக்கு அதைப் பார்ப்பதே பாதி சந்தோஷம். 2025இல் தைவான் அணி நெவாடாவை 7-0 என்று வென்றது. தைவான்காரர்களுக்கு இந்தக் கோப்பை புதிதல்ல, எழுபதுகளில் அவர்கள் வீட்டுச் சொத்து மாதிரி அடிக்கடி எடுத்துப் போனார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது திரையின் மூலையில் ஓடும் பந்து எண்ணிக்கை. 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் எறியக்கூடாது. 66ஐத் தொட்டுவிட்டால் நாலு நாள் ஓய்வு. வளரும் கையைக் காப்பாற்ற வைத்த விதி. இதை அப்பாவிடம் சொன்னபோது, காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர், தலையை ஆட்டினார். "மரத்தையே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவோம். தினமும் வெட்டினா பட்டை செத்துப்போயிரும்" என்றார். அதற்குப் பிறகு பிட்சரை மாற்றும்போதெல்லாம் அவரே "மரத்துக்கு ரெஸ்ட்டு" என்கிறார்.

லிட்டில் லீகுக்கு அடுத்து ஜப்பானின் கோஷியென். உயர்நிலைப் பள்ளி அணிகளின் ஆகஸ்ட் போட்டி, 1915இல் தொடங்கியது, 1924 முதல் கோஷியென் அரங்கில் நடக்கிறது. 49 அணிகள், தோற்றால் வீடு. இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஆட்டம் தொடங்கவும் முடியவும் சைரன் ஊதும். பள்ளி வாத்தியக் குழு ஒரு நிமிடம்கூட ஓயாது. தோற்ற அணிப் பையன்கள் மண்டியிட்டு, அழுதுகொண்டே அரங்கத்து மண்ணைப் பையில் அள்ளிப் போவார்கள். ஒஹ்டானியும் பள்ளிப் பையனாக அங்கே ஆடியவர்தான். ஒரு வருடத்துக்கு ஒரே போட்டிதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் கோஷியெனைச் சொல்வேன், மேஜர் லீகை அல்ல.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

ரசிகராக இருப்பதற்கு வேறு எந்தச் செலவும் வேண்டாம், இது வேண்டும். கட்டம் போட்ட கணக்கு நோட்டு, மளிகைக் கடையிலேயே கிடைக்கும். இடது பக்கம் பேட்டர்களின் பெயர், மேலே ஒன்று முதல் ஒன்பது வரை இன்னிங்ஸ். இந்தப் பழக்கத்துக்கு வழி போட்டவர் ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையைப் பார்த்துத்தான் பேஸ்பால் அட்டவணையை அமைத்தார்.

தடுப்பவர்களுக்குப் பெயர் தேவையில்லை, எண் போதும். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது வெளித்திடல் 7, நடு 8, வலது 9. மூன்றாம் பேஸ் 5, இரண்டாம் பேஸுக்கும் அதற்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6 என்பது முதலில் குழப்பும், போகப் போகப் பழகிவிடும். ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து ஆளை எடுத்தால் கட்டத்தில் 6-3. டபுள் பிளே என்றால் 6-4-3. நடு வெளித்திடலில் கேட்ச் பிடித்தால் 8. ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில 'கே' எழுத்து. பேட்டர் வீசாமல் பார்த்துக்கொண்டே அவுட் ஆனால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போடுவார்கள். நடந்து போனால் நான் 'ந' என்று எழுதுகிறேன். என் நோட்டு, என் இஷ்டம்.

எடைமேடையில் நாள் முழுக்க லோரி எண், வந்த எடை, போன எடை என்று எழுதுகிறவளுக்கு இதில் என்ன சுகம் என்று அக்கா கேட்பாள். எழுதினால் கண் ஆட்டத்தை விட்டு நகராது, அதுதான் சுகம். ஏழாவது இன்னிங்ஸில் ஒருவர் மட்டை பிடிக்க வரும்போது, இதே ஆள் முதல் முறை 'கே', இரண்டாவது முறை 6-3 என்று நோட்டில் தெரியும். இரண்டு முறையும் வெளிப்பக்கம் போன பந்தில் மாட்டினார், இப்போது கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கிறார் பார் என்று உங்களுக்கே தோன்றும். வர்ணனையாளர் அதைச் சொல்வதற்குள் நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

நொறுக்குத் தீனியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பேஸ்பால் என்றால் வேர்க்கடலை. ஈப்போ புந்தோங் கச்சாங் பூத்தே அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது நாம் ஏன் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்? ஆனால் முறுக்கு வேண்டாம். கை எண்ணெயானால் நோட்டு கெட்டுப்போகும்.

பந்துக்குள்ளே நம் ஊர் சரக்கு

இதை அப்பாவுக்காகத் தேடிப் படித்தேன், ஆட்டத்தைவிட இதுதான் அவருக்குப் பிடித்தது. பேஸ்பாலை அறுத்துப் பார்த்தால் நடுவில் தக்கை, அதைச் சுற்றி இரண்டு அடுக்கு ரப்பர், அதன் மேல் கம்பளி நூல் சுற்றிச் சுற்றி, கடைசியாக வெள்ளை மாட்டுத்தோல். சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல், கையால் போட்டது. அந்தத் தையல் காற்றைப் பிடித்துக்கொள்வதால்தான் பந்து வளைகிறது.

1942 தொடக்கத்தில் ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு நம் பக்கத்து ரப்பர் நின்றுபோனது. இருந்த ரப்பரெல்லாம் போருக்குப் போனது, விளையாட்டுப் பந்துக்கு இல்லை. 1943 பருவத்தைப் பலாட்டா என்ற வேறொரு மரத்துப் பாலில் செய்த பந்தோடு தொடங்கினார்கள். துள்ளலே இல்லை. அடித்தால் கல்லை அடித்த மாதிரி கை வலிக்கும், பந்து போகாது. ஓட்டம் வறண்டுபோய், கூச்சல் கிளம்பி, கொஞ்ச நாளிலேயே பந்தை மாற்ற வேண்டியதாயிற்று. அப்பா இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். இப்போது யாராவது ஹோம் ரன், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டும் அடி, அடித்தால் "நம்ம கித்தாதான்" என்று சொல்லிவிட்டுத் தே ஓவை எடுத்துக் குடிக்கிறார். இன்றைய பந்தின் ரப்பர் எந்த நாட்டுச் சரக்கோ, அவர் சந்தோஷத்தை நான் ஏன் கெடுப்பானேன்.

எந்த அணி?

மேஜர் லீகில் 30 அணிகள், அமெரிக்கன் லீகில் 15, நேஷனல் லீகில் 15. ஒவ்வோர் அணிக்குக் கீழும் டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என்று நாலு படி. பிள்ளைகள் பேருந்தில் ஊர் ஊராகப் போய் ஆடி, வருடக் கணக்கில் ஏறி வருவார்கள். நிறையப் பேர் ஏறுவதே இல்லை. 2008இல் இந்தியாவில் நடந்த எறிபோட்டி ஒன்றில் தேர்வாகி, பிட்ஸ்பர்க் பைரட்ஸ் ஒப்பந்தம் செய்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் கீழ்ப்படிகளோடு நின்றார்கள். ரிங்கு பிறகு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். ஏறி வந்தவர்களில் நம் அம்மாக்கள் கவனிக்க வேண்டிய பெயர் குமார் ராக்கர். தாய் வழியில் இந்திய வம்சாவளி. கல்லூரியில் படிக்கும்போதே 2019இல் ஒரே ஆட்டத்தில் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர். 2024 செப்டம்பரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்காக மேஜர் லீகில் இறங்கினார். திரையில் "குமார்" என்று வந்ததும் சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

அணியைத் தேர்ந்தெடுப்பதில் என் யோசனை, கோப்பையைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். காலையில் சீக்கிரம் எழுகிறவர் நியூயார்க், டொரான்டோ, பாஸ்டன் பக்கம் போகலாம். இரவு ஷிப்ட் முடித்து லேட்டாக எழுகிறவருக்கு லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ, சியாட்டில். லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர்ஸ் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஒஹ்டானி இருக்கிறார், 2024, 2025 இரண்டு வருடமும் அவர்கள்தான் வென்றார்கள். ஆனால் வெல்கிற அணியைப் பிடித்துக்கொண்டால் அக்டோபரில் வயிறு கலங்காது, வயிறு கலங்காமல் என்ன ரசனை?

நான் சியாட்டில் மரினர்ஸ். 1977இல் தொடங்கிய அணி, 2025 வரை ஒரு முறைகூட மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடருக்குப் போகாத ஒரே அணி. ஜப்பான்காரர் இச்சிரோ 2004இல் ஒரே பருவத்தில் 262 ஹிட், அதாவது அடித்துப் பேஸுக்குப் போன அடிகள், அடித்தது இந்த அணிக்காகத்தான். இப்போது அங்கே கால் ராலி இருக்கிறார், கேட்சர். அது போதாதா எனக்கு? 2025இல் 60 ஹோம் ரன். அதற்கு முன் கேட்சர் ஒருவர் ஒரு பருவத்தில் அடித்த அதிகபட்சம் 48தான். ஒவ்வோர் ஆட்டத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட பந்துக்குக் குந்தி எழுந்துவிட்டு அப்புறம் மட்டை பிடிக்கிற முழங்கால்களுக்கு அது எப்படி முடிந்தது என்று தெரியவில்லை. அந்த வருட ஹோம் ரன் டெர்பியில், அதாவது யார் அதிக ஹோம் ரன் அடிப்பது என்ற போட்டியில், அவருக்குப் பந்து போட்டது அவர் அப்பா, பின்னால் குந்திப் பிடித்தது தம்பி.

2025 தீபாவளிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமைக் காலை எட்டு மணி. மரினர்ஸும் டொரான்டோவும், அமெரிக்கன் லீக் பட்டத்துக்கான தொடரின் ஏழாவது ஆட்டம், வென்றால் முதல் உலகத் தொடர். வீட்டில் விருந்தாளிகள். ராலி ஹோம் ரன் அடித்தார், ஏழாவது இன்னிங்ஸ் வரை 3-1. கூடத்தில் இருந்த மாமா, யார் விளையாடுகிறார்கள் என்றே தெரியாமல், என் முகத்தைப் பார்த்து அவரும் டென்ஷனாகிவிட்டார். இரண்டு பேர் பேஸில் நிற்க, ஜார்ஜ் ஸ்பிரிங்கர் வந்து ஒரே அடி. 4-3. அதோடு முடிந்தது. மாமா "சரி விடும்மா, அடுத்த வருஷம்" என்று சொல்லிவிட்டு என் பங்கு அதிரசத்தையும் என் தட்டில் வைத்தார். அவர் இப்போது மரினர்ஸ் ரசிகர்.

ஷிப்டில் இருக்கும்போது

பார்க்க வசதியில்லாத நாளில் மேஜர் லீகின் செயலியில் கேம்டே என்று ஒரு பகுதி இருக்கிறது, இலவசம். ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது என்று புள்ளியாகக் காட்டும், டேட்டா அதிகம் தின்னாது. லோரிக்கும் லோரிக்கும் நடுவே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். முழு ஆட்டம் நேரலையாக வேண்டுமானால் எம்எல்பி டிவிக்குச் சந்தா கட்ட வேண்டும். கட்டாவிட்டாலும் யூடியூபில் ஆட்டம் முடிந்ததும் சுருக்கம் வந்துவிடும். 2023இல் பிட்சர் குறித்த வினாடிக்குள் எறிய வேண்டும் என்று கடிகாரம் வைத்த பிறகு மூன்று மணி நேரம் இழுத்த ஆட்டம் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணிக்குள் அடங்குகிறது, ஆகவே ஏழு மணி ஆட்டம் பார்த்துவிட்டும் சந்தைக்குப் போய்வர நேரம் இருக்கும்.

அக்டோபரில் மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். சாதாரணப் பருவத்தில் ஆட்டம் சமமாக முடிந்தால், பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் ஓர் ஆளைச் சும்மா நிறுத்தி வைத்துச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார்கள். பிளேஆஃபில், அதாவது அக்டோபரில் கோப்பைக்காக நடக்கும் கடைசிச் சுற்றுகளில், அது கிடையாது. 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது. நமக்குக் காலை எட்டு மணிக்குத் தொடங்கியது, பிற்பகல் மூன்று மணியை நெருங்கும்போதுதான் ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்து டாட்ஜர்ஸ் 6-5 என்று முடித்தார். ஒஹ்டானி இரண்டு ஹோம் ரன், இரண்டாம் பேஸ் வரை ஓடவைக்கும் அடியான டபுள் இரண்டு அடித்ததும் டொரான்டோ பயந்துபோய் அவருக்குப் பந்தே போடவில்லை, நடந்து போ என்று விட்டுவிட்டார்கள். மொத்தம் ஒன்பது முறை பேஸுக்குப் போனார். என் நோட்டில் இன்னிங்ஸ் கட்டம் தீர்ந்து, பக்கத்துத் தாளில் பசை போட்டு ஒட்டி எழுத வேண்டியதாயிற்று. பதினாறாவது இன்னிங்ஸுக்கு மேல் எழுதியதெல்லாம் ஆலைக்குப் போகும் வழியில் கேம்டே பார்த்து நிரப்பியது.

ஆகவே பிற்பகல் ஷிப்ட்காரர்கள் உலகத் தொடர் வாரத்துக்கு முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். தீபாவளியும் பெரும்பாலும் அதையொட்டித்தான் வரும், இரண்டையும் ஒரே பாரத்தில் கேட்டால் சூப்பர்வைசர் கேள்வி கேட்கமாட்டார்.